யோகா செய்தால் வீசிங், முதுகுவலி போயிடுமா? பட்டாசுத் தொழிலாளர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன? | விளக்கம்

ஜூன் 21 நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் யோகா ஃபார்வர்டுகள் வரிசைகட்டும். "இந்த ஒரு மூச்சுப்பயிற்சி போதும், ஆஸ்துமா அடியோடு போயிடும்", "மாத்திரையே வேண்டாம்" என்கிற ரகத்தில் தினமும் நான்கைந்து மெசேஜாவது வரும். மற்ற ஊர்க்காரர்கள் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. நாள் முழுக்க மருந்துத் தூசிக்கு நடுவே வேலை பார்த்து, ராத்திரி மூச்சு வாங்க வாங்கப் படுக்கும் ஒருவர் இதை நம்பி இன்ஹேலரை ஓரங்கட்டினால், அடுத்த நாள் ஆஸ்பத்திரியில்தான் விடியும்.

அப்போ யோகாவால் பலனே இல்லையா? இருக்கு. அதை ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டன் மருத்துவ இதழ்கள் முதல் ஒடிசா நிலக்கரிச் சுரங்கம் வரை சோதனைகள் நடந்திருக்கின்றன. எந்தப் பிரச்னைக்கு எவ்வளவு பலன், எங்கே யோகா கைகொடுக்காது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பயர் ஆபீஸ் வேலை உடம்பை என்ன செய்கிறது?

இந்தியாவின் பட்டாசு உற்பத்தியில் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்தில்தான் நடக்கிறது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என மூன்று தொழில்களையும் நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் சொல்லும் 'பயர் ஆபீஸ்', 'தீப்பெட்டி ஆபீஸ்' இரண்டிலும் வேலை பார்ப்பவர்களில் பெண்கள் அதிகம்.

வேலை எப்படி? குழாய் உருட்டுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது, மருந்து செலுத்துவது. பெரும்பாலும் தரையில் உட்கார்ந்து, முதுகை வளைத்து, கழுத்தைக் குனிந்தபடி மணிக்கணக்கில் செய்யும் வேலைகள். பீஸ் ரேட் கூலி என்பதால் எழுந்து நடந்தால் அன்றைய எண்ணிக்கை குறையும். அதனால் பலர் எழுந்திருப்பதே இல்லை. முதுகுவலி, கழுத்துவலி, மூட்டுவலி எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன.

அடுத்தது தூசி. அலுமினியம் பவுடர், கந்தகம், வெடியுப்பு, கரித்தூள் எல்லாம் நுண்ணிய பொடிகள். கையும் முகமும் வெள்ளி பூசினது போல மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலில் படிவது கழுவினால் போய்விடும், மூச்சோடு உள்ளே போவது அவ்வளவு லேசில் போகாது. இந்த மாதிரி தூசி மூச்சுக்குழாயை உறுத்தும். ஏற்கெனவே வீசிங் உள்ளவர்களுக்கு அதை அதிகமாக்கும்.

மூன்றாவது, வெளியே தெரியாத சுமை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் உயிர் பிழைத்தவர்களும், பக்கத்து ஷெட்டில் இருந்தவர்களும், உறவுகளை இழந்தவர்களும் தூக்கமின்மையோடும் பயத்தோடும்தான் மறுபடி வேலைக்குப் போகிறார்கள்.

யோகாவை மூச்சிரைப்பு, முதுகுவலி, மனசு என்கிற இந்த மூன்று பிரச்னைகளோடும் வைத்துப் பார்ப்போம்.

வீசிங், ஆஸ்துமா: ஆய்வுகள் சொல்வது என்ன?

இந்த விஷயத்தில் பலரும் குறிப்பிடும் ஆய்வு 1985-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வந்தது. பெங்களூரைச் சேர்ந்த டாக்டர் நாகரத்னாவும் நாகேந்திராவும் செய்தது. ஆஸ்துமா உள்ள 53 பேருக்கு இரண்டு வாரம் யோகா சொல்லிக்கொடுத்து, தினமும் 65 நிமிடம் செய்யச் சொன்னார்கள். வயது, பாலினம், நோயின் தீவிரம் எல்லாம் ஒத்துப்போகிற வேறு 53 பேர் வழக்கமான மருந்தோடு மட்டும் இருந்தார்கள். யோகா செய்தவர்களுக்கு இரைப்பு வருவது குறைந்தது, மருந்துத் தேவை குறைந்தது, மூச்சை ஊதும் வேகமும் கூடியது.

உடனே ஒரு கேள்வி வரும். யோகாவால் குறைந்ததா, இல்லை 'யோகா செய்கிறோம், சரியாகிடும்' என்ற நம்பிக்கையால் குறைந்ததா? மாத்திரை என்றால் போலி மாத்திரை கொடுத்துச் சோதிக்கலாம். போலி யோகா எப்படிக் கொடுப்பது?

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார் ஜெய்ப்பூர் டாக்டர் வீரேந்திர சிங். மூச்சை மெதுவாக்கி, உள்ளிழுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் வெளிவிட வைக்கும் ஒரு சின்னக் கருவி. பிராணாயாமத்தின் கணக்கும் அதுதான். பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் மூச்சை மெதுவாக்காத போலிக் கருவி ஒன்றும் செய்தார்கள். லேசான ஆஸ்துமா உள்ள 18 பேர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். 1990-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. மெதுவான மூச்சுப் பயிற்சிக்குப் பிறகு, மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும் ஹிஸ்டமினை அதிக அளவு தாங்க முடிந்தது. அதாவது மூச்சுக்குழாயின் எரிச்சல் குணம் குறைந்தது. ஆனால் நுரையீரல் ஊதும் அளவில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

ஆய்வுகளை மொத்தமாகத் திரட்டி எடைபோடும் 'காக்ரேன்' அமைப்பு 2016-ல் ஆஸ்துமாவையும் யோகாவையும் பற்றிய 15 ஆய்வுகளை அலசியது. மொத்தம் 1,048 பேர். கிடைத்த முடிவு: அறிகுறிகளிலும் அன்றாட வாழ்க்கைத் தரத்திலும் சிறிய முன்னேற்றம் இருக்கக்கூடும். நுரையீரல் செயல்பாடு கூடுகிறது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் மருந்தும் ஓடிக்கொண்டிருந்தது, கூடவே யோகாவும் நடந்தது. 'இன்ஹேலருக்குப் பதில் யோகா' என்பதற்கு இவை ஆதாரம் இல்லை. இன்ஹேலரைத் தூக்கிப் போடச் சொல்லும் ஃபார்வர்டு இந்த இடத்தில்தான் தடம் புரளுகிறது.

தூசியில் வேலை பார்ப்பவர்களிடம் சோதித்தார்களா?

"அதெல்லாம் சாதாரண ஆட்கள். நாங்க தூசியிலேயே இருக்கோமே?" நியாயமான கேள்வி. இதற்கு மிக நெருக்கமான ஆய்வு ஒடிசாவின் ராம்பூர் நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்தது. சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள 81 தொழிலாளர்கள் இதில் பங்கேற்றார்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 12 வாரம் யோகா கொடுத்தார்கள். 2016-ல் வெளியான முடிவின்படி, யோகா குழுவுக்கு மூச்சுத்திணறலும் அசதியும் குறைந்தன. ஆறு நிமிடத்தில் நடக்கக்கூடிய தூரம் கூடியது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவும் மேம்பட்டது.

நல்ல செய்திதான். ஆனால் சுரங்கத் தூசியும் பட்டாசு மருந்தும் ஒன்றல்ல. இன்னொன்று, பயிற்சி செய்தவர்களுக்கு இருக்கிற நுரையீரலை வைத்துக்கொண்டு சிரமம் இல்லாமல் நடமாட முடிந்தது, அவ்வளவுதான். படிந்த தூசியை யோகா வெளியே எடுத்துவிட்டது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. தினமும் உள்ளே போகும் தூசியைத் தடுக்க மாஸ்க், காற்றோட்டமான அறை, தூசி பறக்காத வேலைமுறை ஆகியவைதான் வழி.

முதுகுவலிக்கு எவ்வளவு பலன்?

யோகாவுக்கு அதிக ஆதாரம் சேர்ந்திருக்கும் பிரச்னைகளில் இது ஒன்று. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்பாக முயற்சி செய்யவேண்டிய வழிகளில் ஒன்றாக யோகாவைச் சேர்த்தது.

அதே 2017-ல் பாஸ்டன் நகரில் ஒரு முக்கியமான ஆய்வு வெளியானது. குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே பெரும்பாலும் இருந்த 320 பேரிடம் நடந்தது. வாரம் ஒரு யோகா வகுப்பு, வீட்டில் கொஞ்சம் பயிற்சி, மொத்தம் 12 வாரம். இன்னொரு குழுவுக்கு பிசியோதெரபி. வலி குறைவதிலும் வேலை செய்யும் திறனிலும் யோகா பிசியோதெரபிக்குப் பின்தங்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2022-ல் காக்ரேன் அலசிய 21 ஆய்வுகளில், எந்த உடற்பயிற்சியும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டபோது, 100 புள்ளி வலி அளவுகோலில் யோகாவால் குறைந்தது சுமார் 4.5 புள்ளி. அதாவது 60-ல் இருந்த வலி 55 பக்கம் வருகிறது. மற்ற உடற்பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமே இல்லை. சிலருக்கு யோகாவாலேயே வலி கூடியதும் பதிவாகியிருக்கிறது.

இதில் நமக்குப் புரிவது என்ன? நாள் முழுக்க வளைந்தே இருக்கும் முதுகை நீட்டி அசைப்பதுதான் அடிப்படை. அதை யோகாவாகவும் செய்யலாம், பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியாகவும் செய்யலாம். உங்களால் எதை விடாமல் செய்ய முடியுமோ அதுதான் உங்களுக்கானது.

விபத்துக்குப் பிறகு வரும் பயம், தூக்கமின்மை

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு முகாம்களில் தங்கியிருந்த 183 பேரிடம் நடந்தது. மன அதிர்ச்சியின் அறிகுறிகள் அதிகம் இருந்தவர்கள் இவர்கள். 8 மணி நேர யோக மூச்சுப்பயிற்சி பெற்றவர்களுக்கு ஆறு வாரத்தில் அந்த அறிகுறிகளும் மனச்சோர்வும் நன்றாகக் குறைந்தன. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. 2010-ல் இது வெளியானது.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்காமல், முகாம் முகாமாகப் பிரித்தார்கள். ஒரு முகாமில் கிடைத்த உதவி இன்னொன்றில் கிடைக்காமல் போயிருக்கலாம். அதனால் இதை நம்பிக்கை தரும் ஆய்வு என்று எடுத்துக்கொள்ளலாம், கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

வெடிச்சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது, கண்ணை மூடினால் அந்தக் காட்சி வருகிறது, வாரக்கணக்கில் தூக்கம் இல்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். மூச்சுப்பயிற்சி அந்தச் சிகிச்சைக்குக் கூடவே இருக்கட்டும். கண்ணை மூடினால் பயம் கூடுகிறதா? திறந்துகொண்டே செய்யுங்கள், தப்பில்லை.

தீக்காயத்திலிருந்து மீண்டவர்களுக்குத் தோலும் மூட்டும் இறுகிப்போகாமல் இருக்க பிசியோதெரபிதான் முதன்மை. அதை விட்டுவிட்டு யூடியூப் பார்த்து ஆசனம் செய்வது ஆபத்து.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சாதாரணமாக ஒரு நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை நிதானமாக ஆறு வரை குறைத்து, வெளிமூச்சை நீட்டும்போது, உடம்பை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலம் வேலையைக் கையில் எடுக்கிறது. இதயத் துடிப்பு சற்று இறங்கும், இறுகிய தசை தளரும்.

"யோகா எங்க மதம் இல்லையே, செய்யலாமா?" என்று தயங்குபவர்கள் உண்டு. 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சுவாரஸ்யமான ஆய்வு வந்தது. 23 பேரை ஒருமுறை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், இன்னொரு முறை யோக மந்திரம் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்குக்கே வந்தது. இதயத்தில் தெரிந்த நல்ல மாற்றமும் ஒரே மாதிரிதான். மூச்சின் வேகம்தான் அந்த மாற்றத்தைத் தருகிறது. எந்த ஜெபம் சொன்னாலும், எதுவும் சொல்லாமல் எண்ணிக்கொண்டே விட்டாலும் செய்யலாம்.

மூச்சை ஒழுங்கு செய்வது பற்றித் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலேயே விரிவாகப் பேசியிருக்கிறார். அந்தப் பழைய அறிவை இன்றைய கருவிகளை வைத்து அளந்து பார்ப்பதைத்தான் இந்த ஆய்வுகள் செய்கின்றன. புதுச்சேரி ஜிப்மரில் இதற்காகவே 2008-ல் யோக சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது.

யோகாவை நம்பக் கூடாத இடங்கள்

யோகா ஆராய்ச்சியில் பொதுவாகவே ஒரு சிக்கல் உண்டு. பல ஆய்வுகளில் ஆட்கள் குறைவு, நாட்களும் குறைவு. பெரிய அளவில் சோதித்தால் என்ன ஆகும்? அதற்கு உதாரணம் 'யோகா-கேர்'. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரிடம் நடந்த ஆய்வு. 2020-ல் முடிவு வெளியானது. யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நிலை மேம்பட்டதாகச் சொன்னார்கள், பழைய வேலைகளுக்கும் நன்றாகத் திரும்பினார்கள். ஆனால் மரணம், மறுபடி மாரடைப்பு போன்றவை குறைந்தன என்று நிரூபிக்க முடியவில்லை.

எனவே சர்க்கரை, பிரஷர், இதய நோய், ஆஸ்துமா எதுவாக இருந்தாலும் யோகா தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவைக் குறைக்கலாமா என்று டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

* மருந்து அறை, வேலை நடக்கும் ஷெட், மருந்துப் பொடி இருக்கும் இடம் எதிலும் மூச்சுப்பயிற்சி வேண்டாம். ஆழமாக மூச்சு இழுத்தால் தூசியும் ஆழமாகத்தான் போகும்.

* வீட்டுக்கு வந்து குளித்து, வேலை உடுப்பை மாற்றிய பிறகு செய்யுங்கள். அந்த உடுப்பைத் தனியாகத் துவைப்பது குழந்தைகளுக்கும் நல்லது.

* இரைப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் பிராணாயாமம் வேண்டாம். முதலில் டாக்டர் சொன்ன இன்ஹேலர். அடங்கவில்லை, பேசவே முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

* கபாலபாதி, பஸ்த்ரிகா மாதிரி வேகமான மூச்சுப்பயிற்சிகள் கர்ப்பிணிகளுக்கும், கட்டுப்படாத பிரஷர், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் ஏற்றதல்ல.

* கண் அழுத்த நோய் இருப்பவர்கள் சிரசாசனம் போலத் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தவிர்க்கவேண்டும்.

* முதுகுவலியோடு கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போவது இருந்தால் ஆசனத்தில் நேரத்தைக் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

வேலையால்தான் வீசிங் வருகிறதா? கண்டுபிடிக்க ஒரு வழி

வேலை நாளில் இருமலும் இரைப்பும் கூடுகிறது, ஞாயிறு லீவில் குறைகிறது, தீபாவளிக்குப் பிறகு ஆலை மூடியிருக்கும் நாட்களில் நல்லா இருக்கு, திறந்ததும் மறுபடி தொடங்குகிறது. இப்படி ஒரு கணக்கு தெரிந்தால் காரணம் வேலையிடமாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

"என்ன வேலை பார்க்கிறேன், எந்தப் பொடியைத் தொடுகிறேன்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மூச்சை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். இ.எஸ்.ஐ அட்டை இருப்பவர்கள் சிவகாசி இ.எஸ்.ஐ மருத்துவமனைக்குப் போகலாம். விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

யாரிடம் கற்றுக்கொள்வது?

தமிழ்நாட்டில் யோகா மற்றும் இயற்கை மருத்துவம் தனி மருத்துவப் படிப்பு. சென்னை அரும்பாக்கத்தில் அதற்கென அரசுக் கல்லூரியே இருக்கிறது. அந்தப் படிப்பு முடித்த டாக்டர்கள் பல அரசு மருத்துவமனைகளில் தனிப் பிரிவில் பணியாற்றுகிறார்கள். உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். நோய் உள்ளவர்கள் முதலில் அங்கே கற்றுக்கொள்வது பாதுகாப்பு.

நேரத்துக்கு எங்கே போவது?

விடியும் முன் எழுந்து சமைத்து, ஆலை வேனைப் பிடித்து, பொழுது சாயும்போது வீடு திரும்பும் ஒரு அக்காவிடம் "தினமும் 65 நிமிடம் யோகா செய்யுங்க" என்று சொல்வது லேசு. செய்வதுதான் கஷ்டம். பாஸ்டன் ஆய்வில் வகுப்பு வாரம் ஒருமுறைதான் என்பதை இங்கே நினைவில் வைக்கலாம். வேலைக்கு நடுவே மருந்து அறைக்கு வெளியே வந்து ஐந்து நிமிடம் நிமிர்ந்து நிற்பது, கையை உயர்த்தி முதுகை நீட்டுவது, ராத்திரி படுக்கும் முன் பத்து நிமிடம் மெதுவாக மூச்சு விடுவது என்று சின்னதாகத் தொடங்கலாம்.

அந்த ஐந்து நிமிடத்துக்கும் பீஸ் ரேட்டில் கூலி குறையும் என்றால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கூலி குறையாத இடைவேளையைத் தருவது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. தூசியும் அப்படித்தான். வேலையிடத்தில் தூசி சேராமல், அது கிளம்பும் இடத்திலேயே வெளியேற்ற ஏற்பாடு வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-வது பிரிவிலேயே எழுதப்பட்டது. ஜூன் 21 அன்று ஆலை வளாகத்தில் பாய் விரித்து யோகா நடத்துவது நல்ல விஷயம்தான். மறுநாள் காலையில் மாஸ்க்கும் காற்றோட்டமும் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

சுருக்கமாக...

* முதுகுவலி: பலன் உண்டு, அளவு சிறியது. மற்ற உடற்பயிற்சிகளுக்குச் சமம்.

* ஆஸ்துமா, வீசிங்: மருந்தோடு சேர்த்துச் செய்தால் அறிகுறிகள் ஓரளவு குறையலாம். இன்ஹேலருக்கு மாற்று கிடையாது.

* தூசியால் வரும் நுரையீரல் நோய்: மூச்சுத்திணறலைச் சமாளிக்க உதவலாம். தூசியைத் தடுக்காது.

* மன அதிர்ச்சி, தூக்கமின்மை: நம்பிக்கை தரும் ஆய்வுகள் உண்டு. மனநல சிகிச்சைக்குத் துணையாகச் செய்யலாம்.

* மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கு: இதுவரை உறுதியான ஆதாரம் இல்லை.

அடுத்த முறை "இதைச் செய்தால் இன்ஹேலரே வேண்டாம்" என்று மெசேஜ் வந்தால், குடும்பக் குரூப்பில் தட்டிவிடும் முன் இந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். அந்தக் குரூப்பில் பயர் ஆபீஸுக்குப் போகும் சித்தியோ அண்ணனோ இருக்கக்கூடும்.